புரொபசர் வீட்டு அலமாரியில் சுண்ணாம்புப் பொட்டு

தாம்பரத்திலிருந்து ராஜகீழ்ப்பாக்கம் வரைக்கும், புத்தகம் வைத்திருக்கிற எந்த வீட்டுக்கு வெள்ளையடித்தாலும் அந்தப் புத்தகங்களை இறக்கி ஏற்றுகிற ஆள் நான்தான். முப்பது வருஷத்தில் என் கையால் ஒரு புத்தகம்கூட இடம் மாறியது கிடையாது.

இது பொய். ஒரு வீட்டில் ஒரு புத்தகம்கூடச் சரியான இடத்தில் இல்லை, அதுவும் என் கையால்தான். முப்பது வருஷம் என்று சொன்னதும் பொய், இருபத்தெட்டுதான். மீதி ரெண்டு வருஷம் ஏணியிலிருந்து விழுந்து காலில் கட்டோடு கிடந்தேன். அதை வேலைக் கணக்கில் சேர்க்கலாமா என்று எனக்கே தெரியவில்லை.

இதைச் சொல்வது நான், ஏழுமலை. எழுதுவது என் மருமகன், அச்சாபீசில் வேலை. நான் ‘கீது’ என்றால் அவர் ‘இருக்கிறது’ என்று எழுதுகிறார். என் பேச்சுக்கும் ஒரு கோட்டு வெள்ளையடிக்கிறார். மற்றவர்கள் பேசினதையும் அவர்களோடு நான் பேசினதையும் மட்டும் பேசினபடியே விடச் சொல்லியிருக்கிறேன். செத்துப்போனவர்கள் வந்து சண்டை போட்டால் யார் பதில் சொல்வது?

போன வாரம் எதிர்வீட்டில் ரோலர் வைத்து பெயிண்ட் அடித்தவர்கள் என்னிடம் கேட்டார்கள். “நைனா, நாங்க அலமாரி மேல பிளாஸ்டிக் தாளைப் போத்திட்டு சுத்தி அடிச்சுகினு போயினே இருப்போம். ஒங்க காலத்துல பொஸ்தகத்தை இன்னா பண்ணீங்க?”

நாங்கள் இறக்கினோம். வேறு வழியில்லை. அறுபதுகளில் இந்தப் பக்கம் வாத்தியார்களும் ஆபீஸ்காரர்களும் கட்டின வீடுகளில் அலமாரி என்பது சுவரிலேயே ஒரு பள்ளம். குறுக்கே கடப்பைக்கல் பதித்திருக்கும். அந்தப் பள்ளத்துக்குள்ளேயும் சுண்ணாம்பு அடிக்கவேண்டும். கிறிஸ்துமஸுக்கு முன்னால் கிறிஸ்தவர் வீடுகள், பொங்கலுக்கு முன்னால் மற்ற வீடுகள். நடுவில் எங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது.

நான் வேலை கற்றுக்கொண்டது நீளமான கதை இல்லை. முதல் வருஷம் சுவரைச் சுரண்டினேன், ரெண்டாம் வருஷம் சுண்ணாம்பு கலக்கினேன், மூன்றாம் வருஷம் வெள்ளையடிக்கிற மட்டையைக் கையில் கொடுத்தார்கள். அவ்வளவுதான்.

கொடுத்தவர் இருசப்பன் மேஸ்திரி. கேளம்பாக்கம் பக்கத்திலிருந்து வண்டியில் வருகிற கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார். தொட்டியில் தண்ணீர் ஊற்றி அது கொதித்து அடங்கினதும், ரெண்டு நாள் ஊறவைத்து, பழைய வேட்டியில் வடிகட்டி, வஜ்ஜிரப் பசை காய்ச்சி ஊற்றி, ஒரு சிட்டிகை நீலம் போட்டுக் கலக்கவேண்டும். முதல் கோட்டு மேலிருந்து கீழே, ரெண்டாம் கோட்டு குறுக்கே. காய்ந்ததும் மேஸ்திரி வந்து உள்ளங்கையால் சுவரை ஒரு துடை துடைப்பார். கையில் வெள்ளை ஒட்டினால் முழுச் சுவரும் மறுபடி.

அவர் எங்களைத் திட்டினதே இல்லை. சுவரைத்தான் திட்டுவார். நாங்கள் பக்கத்தில் நிற்போம், அவர் சுவரைப் பார்த்துப் பேசுவார்.

“இன்னா சுவரே, மூஞ்சில பாதிக்கு மட்டும் பவுடரு பூசிக்கினு நிக்கிற? ஒன்னைப் பூசினவனுக்கு கண்ணு பிடரிலயா கீது?”

சுவர் பதில் சொல்லாது. நாங்களும் சொல்லமாட்டோம். அவருக்கு எல்லாவற்றையும்விட ஆகாத ஒன்று, கல்லில் சுண்ணாம்பு சொட்டுவது. கறுப்புக் கடப்பைக்கல்லில் ஒரு வெள்ளைச் சொட்டு இருந்தால் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. இடுப்பில் எப்போதும் ஒரு சின்னச் சுரண்டி செருகியிருப்பார்.

இந்த மேஸ்திரி என்னை ‘எட்டாவது’ என்றுதான் கூப்பிடுவார். காரணம் என் வாய். டீக்கடையில் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு நானே செய்தி சொல்வேன். எந்த ஊரில் மழை, எந்த மந்திரிக்கு ஜுரம் என்று வாய்க்கு வந்ததை அடித்துவிடுவேன். கடையில் யாருக்கும் எழுத்து தெரியாது, அதனால் நான் எட்டாவது படித்தவன் ஆகிவிட்டேன். நிஜத்தில் நான் பள்ளிக்கூடத்துக்குள் போனது ஒரே தடவைதான், அதுவும் வெள்ளையடிக்க.

அறுபதுகளின் கடைசியில் ஒரு டிசம்பர். தேவசகாயம் சார் வீட்டு வேலை வந்தது. காலேஜில் சரித்திரப் புரொபசர். மனைவி ரூபி டீச்சர், பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை. சாரின் புத்தக அறைக்குள் மட்டும் நாலு வருஷமாக வெள்ளையடிக்க யாரையும் விடவில்லையாம். அந்த வருஷ மழைக்குப் பின்சுவரில் கரையான் ஏறிவிட்டது. இனி விட்டால் புத்தகத்தைக் கரையான் படித்துவிடும் என்று டீச்சர் பிடிவாதமாக எங்களைக் கூப்பிட்டார். ஒரு நிபந்தனை போட்டார்.

“மேஸ்திரி, புத்தகத்துல கை வைக்கிற ஆளுக்குப் படிக்கத் தெரியணும். எது எங்க இருந்துதோ அது அங்கயே போகணும். ஒண்ணு மாறினாலும் சார் தாங்கமாட்டார்.”

மேஸ்திரி என்னை முன்னால் தள்ளினார். “நம்ம எட்டாவது கீறான் டீச்சர். பேப்பரு படிச்சான்னா கேட்டுகினே இருக்கலாம்.”

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் பத்து பேர் நடுவில் என்னை ஒருத்தர் பெருமையாகத் தள்ளினது அதுதான் முதல் தடவை. தலையாட்டினேன்.

சுவர் அகலத்துக்கு ஆறு தட்டு. எழுத்து தெரியாதவனுக்கும் மூளை உண்டு என்று ஒரு வழி செய்தேன். ஒவ்வொரு தட்டின் உள்சுவரிலும் கரியால் ஒரு படம் போட்டேன். மீன், பிறை, சொம்பு, குடை, சீப்பு, பூட்டு. அந்தத் தட்டுப் புத்தகங்களை ஹாலில் வரிசையாக அடுக்கி, தரையிலும் அதே படம். வேலை முடிந்ததும் மீன் மீனுக்குப் போகும், பூட்டு பூட்டுக்குப் போகும். என் அறிவை நானே மெச்சிக்கொண்டு மாடிப்படிச் சுவரைச் சுரண்டப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது கன்னியப்பன் அலமாரியை முடித்துவிட்டு மட்டையை உதறிக்கொண்டிருந்தான். அவன் என் ஜோடி ஆள்.

“எவனோ கஸ்மாலம் உள்சுவத்துல பொம்மை போட்டு வெச்சிருந்தான் ஏயுமலை. மூணு கோட்டு அடிச்சேன். இப்போ பாரு, இருந்த எடமே தெரியல.”

வெள்ளையடிக்கிறவன் தன் அடையாளத்தை வெள்ளையடிக்கிற சுவரிலேயே எழுதி வைத்தான். உலகத்தில் நான் ஒருத்தன்தான் இதைச் செய்திருப்பேன்.

எந்தத் தட்டில் எந்தப் படம் போட்டேன் என்பது எனக்கே நினைவில்லை. அப்போதுகூட டீச்சரைக் கேட்டிருக்கலாம். கேட்டால் எட்டாவது போய்விடும். அதனால் மறுநாள் சுவர் காய்ந்ததும் எனக்குத் தெரிந்த ஒழுங்கில் அடுக்கினேன். உயரம்தான் ஒழுங்கு. உயரமானது இந்தக் கோடியில், குள்ளமானது அந்தக் கோடியில், ஒரே உயரமாக இருந்தால் சிவப்பு அட்டை சிவப்போடு, பச்சை பச்சையோடு. பள்ளிக்கூடத்துப் பசங்க டிரில்லுக்கு நிற்கிற மாதிரி நின்றன. அப்படி ஒரு அழகான அலமாரியை நான் பார்த்ததில்லை.

மூன்று மணிக்கு சார் வந்தார். அலமாரிக்கு முதுகைக் காட்டி நின்று, என்னைப் பார்த்தபடியே கையை மட்டும் பின்னால் நீட்டி ஒரு புத்தகத்தை உருவினார். தடவினார். முகம் மாறியது. வைத்துவிட்டு இன்னொன்று. பிறகு இன்னொன்று.

“யாருப்பா அடுக்கினது?”

“நான்தான் சார். ஏழுமலை. எட்டாவது.”

“என்ன ஒழுங்குல அடுக்கியிருக்க?”

“ஏபிசிடி ஒழுங்குல சார்.”

“தமிழ்ப் புத்தகத்தையுமா?”

“அதையும் சேத்துதான் சார். பாரபட்சம் பாக்கல.”

கையிலிருந்த மெல்லிய புத்தகத்தை நீட்டினார். “இது என்ன புத்தகம்?”

சரித்திரப் புரொபசர் வீடு. ரிஸ்க் இல்லாத பதில் ஒன்றுதான். “சரித்திரம் சார்.”

“இது ரயில்வே டைம் டேபிள், ஏழுமலை.”

“பழசு சார். இதுல கீற வண்டி எதுவும் இப்போ ஓடல. அப்போ சரித்திரம்தானே சார்?”

அவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். ஆனால் மானம் போனது போனதுதான். ஏதாவது ஒன்றாவது சரியாகச் சொல்லவேண்டும் என்று படம் போட்ட புத்தகமாகப் பார்த்து எடுத்தேன். நடுப்பக்கத்தில் பெரிய ராஜா படம். அவருக்கு எதிரே விரித்துப் பிடித்தேன்.

“இந்த ராஜாவை எங்க வெக்கிறது சார்?”

சார் குனிந்தார். “நல்ல படம். ராஜாவை விடு, இந்தக் கிரீடத்தைப் பாரு, என்ன வேலைப்பாடு!” என்று விரலை வைத்தார்.

விரல் ராஜாவின் செருப்பில் இருந்தது. நான் புத்தகத்தை என் பக்கம் பார்த்தபடியே பிடித்திருந்தேன், அவருக்கு அது தலைகீழ்.

“சார்,” என்றேன் மெதுவாக. “கிரீடம் அந்தாண்ட கீது.”

காபியோடு வந்த ரூபி டீச்சர் டம்ளரை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு கதவைச் சாத்தினார்.

“நாலு வருஷமா இவர் கண்ணு இப்படித்தான்,” என்றார். “ஆளு தெரியும், வெளிச்சம் தெரியும். எழுத்து தெரியாது. காலையில நான் பாடத்தைப் படிச்சுக் காட்டுவேன், அவர் காலேஜ்ல போய் மனப்பாடமா நடத்துவார். ரிட்டயர் ஆக இன்னும் மூணு வருஷம் இருக்கு. காலேஜுக்குத் தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. வர்றவங்க சந்தேகப்படாம இருக்கிறதுக்கு ஒரே காரணம் இந்த அலமாரிதான். யாரு என்ன கேட்டாலும் திரும்பிப் பாக்காம எடுத்துக் கொடுப்பார். கிறிஸ்துமஸ் அன்னிக்கு பிரின்சிபால் வருவார். வருஷா வருஷம் ஒரு புத்தகம் கேட்டு வாங்கிட்டுப் போவார்.” காபியை எடுத்து சார் கையில் கொடுத்தார். “இப்ப என்ன பண்றது, ஏழுமலை?”

படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று டீச்சர் கேட்டதன் அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. சாரின் மூன்று வருஷத்தை நான் உயர வாரியாக அடுக்கியிருக்கிறேன்.

“எனக்கும் எழுத்து தெரியாது டீச்சர்,” என்றேன். “எட்டாவதுன்றது டீக்கடையில குடுத்த பட்டம்.”

“அது டைம் டேபிள்லயே தெரிஞ்சு போச்சு,” என்றார் சார். “ஆக, இந்த ரூம்ல டீச்சர் ஒருத்திதான் படிச்சவ.”

கிறிஸ்துமஸுக்கு ஒன்பது நாள். முதலில் பழைய ஒழுங்கையே திருப்பிவிடலாம் என்று பார்த்தோம். முடியவில்லை. அது யாரும் போட்ட ஒழுங்கே இல்லை. வீடு கட்டின நாளிலிருந்து புத்தகம் வாங்க வாங்க, கை போன இடத்தில் வைத்து, கைக்கு மட்டும் பழகிப்போனது. வாயால் சொல்லத் தெரியவில்லை. புதிதாக ஒன்று வேண்டும்.

“பாட வாரியா வைக்கலாம்,” என்றார் டீச்சர்.

“சரித்திரமே முக்கால்வாசி. அப்புறம் அதுக்குள்ள எப்படித் தேடுறது?” என்றார் சார்.

“கனத்தை வெச்சு அடுக்கிடலாம் சார்,” என்றேன். “தூக்கினா தெரியும்.”

“கேக்கிறவங்க எடை போட்டாடா கேப்பாங்க?” என்றார். அப்படிச் சொன்னவர் அந்த வார்த்தையிலேயே நின்றுவிட்டார். “கேக்கிறவங்க… டீச்சர், யாரு கேப்பாங்களோ அவங்க பேர்ல வச்சா என்ன?”

அப்படித்தான் முடிவாயிற்று. யார் எழுதினது, எதைப் பற்றி எழுதினது, எதுவும் கிடையாது. யார் வந்து கேட்பார்கள் என்பதுதான் கணக்கு. மார்பு உயரத்தில் பிரின்சிபால் தட்டு. எங்கள் வேலையிலும் அதுதானே, வருகிறவர் கண் படுகிற சுவருக்குத்தான் ஒரு கோட்டு அதிகம். அதற்கு மேலே கூட வேலை செய்கிற புரொபசர்கள். அதற்கும் மேலே சர்ச் போதகர். பிரின்சிபாலுக்குக் கீழே மாணவர்கள், அதற்குக் கீழே டீச்சர். அடித்தட்டில் யாருமே கேட்காத புத்தகங்கள். டைம் டேபிள் அங்கே போனது.

நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். சார் புத்தகத்தின் முதுகைத் தடவி, அட்டையை முகர்ந்து, “போதகர்” என்பார். “பசங்க” என்பார். சந்தேகம் வந்தால் டீச்சர் படித்துச் சொல்வார். ஒரு தடிப் புத்தகத்தை வாங்கினதும், “இதை பிரின்சிபால் நாலு தடவை வாங்கிட்டுப் போனார். ஒரு தடவைகூடப் படிக்கல” என்றார்.

“எப்படி சார் தெரியும்?”

“பக்கம் ஒட்டிக்கிட்டே இருக்கு பாரு.”

ஆனால் புதுத் தட்டு கைக்குப் பழக நாளாகும். ஒரு தட்டு மாறி கை போனால் போதகருக்குப் பரீட்சை கைடு போய்ச் சேரும். அதற்கு வழி சொன்னது நான். வாழ்நாளில் நான் சொன்ன ஒரே உருப்படியான யோசனை. சுண்ணாம்பைக் கெட்டியாக, வஜ்ஜிரம் தூக்கலாகப் போட்டுக் குழைத்து, கடப்பைக்கல் விளிம்பில் விரலால் பொட்டு வைத்தேன். பிரின்சிபாலுக்கு ஒன்று, புரொபசர்களுக்கு ரெண்டு, போதகருக்கு மூன்று, பசங்களுக்கு நாலு, டீச்சருக்கு ஐந்து. அடித்தட்டுக்கு ஒன்றும் கிடையாது. காய்ந்ததும் விரல் பட்டால் போதும், எந்தத் தட்டு என்று தெரியும். சார் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார். தோளில் இருந்த சுண்ணாம்பு அவர் கையில் ஒட்டியது. மேஸ்திரி பார்த்திருந்தால் என்னையே மறு கோட்டு அடித்திருப்பார்.

மேஸ்திரி மூன்றாம் நாள் வேலை பார்க்க வந்தார். கூடவே கன்னியப்பன். கெட்ட நேரம், பக்கத்து வீட்டு பாக்கியநாதனும் வந்திருந்தார். காலேஜ் ஆபீசில் ஹெட்கிளார்க். தன் வீட்டுக்கும் வெள்ளையடிக்கவேண்டும், சுவரைப் பார்க்கிறேன் என்று உள்ளேயே வந்துவிட்டார். காலேஜில் ஊசி விழுந்தாலும் பிரின்சிபால் காதுக்குக் கொண்டுபோகிற ஆள்.

மேஸ்திரி சுவரைத் துடைத்தார். உள்ளங்கை சுத்தம். முகம் மலர்ந்தது. அப்புறம் கல்லைப் பார்த்தார்.

“இன்னா சுவரே,” என்றார். “நல்லாத்தானே நின்னுகினு இருந்த? கல்லு மேல எச்சி துப்பினவன் எவன்? ஒண்ணு ரெண்டு இல்ல, வரிசையா துப்பி வெச்சிருக்கான்! இத்தினி வருஷத்துல என் வேலைல ஒரு சொட்டு விழுந்ததா சொல்லு!”

இடுப்பிலிருந்து சுரண்டியை உருவி, நேராக பிரின்சிபால் தட்டில் வைத்தார்.

சார் வாயைத் திறக்கமுடியாது. டீச்சர் முகம் வெளுத்துவிட்டது. ஹெட்கிளார்க் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து, “என்ன அது பொட்டு பொட்டா?” என்று குனிந்தார். பொட்டு போனால் சாரின் கை தடுமாறும். பொட்டு எதற்கென்று சொன்னால் சாரின் வேலை போகும்.

“சொரண்டாதீங்க மேஸ்திரி!” என்றேன். “அது எனக்கு வெச்சது.”

முதல் தடவையாக மேஸ்திரி சுவரை விட்டு என்னைப் பார்த்தார். “ஒனக்கா?”

“எனக்கு எழுத்து தெரியாது. ஒரு எழுத்துகூட. எந்தத் தட்டுல எது போவணும்னு கண்டுபிடிக்க வெச்சுக்கினேன்.”

கன்னியப்பன் ஏணியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “அடப்பாவி! அப்போ டீக்கடையில நீ படிச்ச நியூஸு? மந்திரிக்கு ஜுரம்னியே, எங்க அம்மா மாரியாத்தாளுக்கு வேண்டிக்கினாளேடா!”

“அந்த மந்திரி நல்லாத்தான் கீறாரு, விடு.”

மேஸ்திரி சிரிக்கவில்லை. தெருவெல்லாம் என்னைப் படித்தவன் என்று சொல்லி வைத்தவர் அவர். மறுபடி சுவர் பக்கம் திரும்பினார். “கேட்டியா சுவரே? எட்டாவது படிச்சவனுக்கு எழுத்து தெரியாதாம். நான் இவனை நம்பி எத்தினி வூட்ல பொஸ்தகத்தைக் குடுத்தேன்.” சுரண்டி இன்னும் கல் மேலேயே இருந்தது.

அப்போது சார் பேசினார். “விடுங்க மேஸ்திரி. இருந்துட்டுப் போகட்டும். அடுத்த வருஷமும் புத்தகம் இறக்க அவன்தானே வரணும்?”

மேஸ்திரி சுரண்டியை இடுப்பில் செருகினார். அன்று முதல் நான் எட்டாவது இல்லை. வீட்டுக்குள் வேலையும் இல்லை. காம்பவுண்டு சுவர், கக்கூஸ் சுவர், கிணற்றுச் சுவர். கன்னியப்பன் தினமும் டீக்கடையில் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்து என்னைப் போல நடித்துக் காட்டினான். கூட்டம் எனக்குக் கூடினதைவிட அவனுக்கு அதிகம்.

கிறிஸ்துமஸ் அன்று, வேலை செய்தவர்களுக்கு முறுக்கும் கேக்கும் கொடுப்பார்கள் என்று போனேன். நிஜமாகப் போனது அதற்கில்லை. பின்ஜன்னல் ஓரமாக நின்றேன். பிரின்சிபால் நாற்காலியில் உட்கார்ந்து, எதிர்பார்த்தபடியே அந்தத் தடிப் புத்தகத்தைக் கேட்டார். ஐந்தாவது தடவை. சார் அவரோடு பேசிக்கொண்டே கையைப் பின்னால் நீட்டினார். விரல் கல் விளிம்பில் ஓடி ஒற்றைப் பொட்டில் நின்றது. நகர்ந்து, எண்ணி, உருவியது. அதே புத்தகம். நான் கடித்த முறுக்கை மென்று முழுங்க மறந்துவிட்டேன்.

“அது என்ன தேவசகாயம், கல்லுல வெள்ளையா?” என்றார் பிரின்சிபால்.

சாருக்கு முன்னால், கூட வந்திருந்த ஹெட்கிளார்க் முந்திக்கொண்டார். “சார், வெள்ளையடிக்கிற ஆளு எழுத்து தெரியாதவன். அவன் கஷ்டப்படக்கூடாதுன்னு புரொபசர் அப்படியே விட்டு வச்சிருக்கார்.”

பிரின்சிபால் சாரின் கையைப் பிடித்துக்கொண்டார். “உங்க மனசு யாருக்கு வரும்?”

சார் தலையைக் குனிந்துகொண்டார். கூச்சம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அடுத்த டிசம்பரில் மேஸ்திரி என் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. என் வீட்டுச் சுவரைப் பார்த்துப் பேசினார். “சுவரே, ஹெட்கிளார்க்கு வூட்லயும் பொட்டு வெக்கணுமாம். காலேஜ்காரங்க எல்லாம் புரொபசர் முறைல அடுக்கப்போறாங்களாம். மூணு வூடு. சொட்டு வுடத் தெரிஞ்ச ஆளு வேணும்னு கேக்குறாங்க. எனக்கு அந்தக் கருமம் வராது. இவனை வரச் சொல்லு.” ஹெட்கிளார்க் வீட்டில் மொத்தம் பதினோரு புத்தகம். ஐந்து தட்டு, பதினைந்து பொட்டு. புத்தகத்தைவிடப் பொட்டு அதிகம்.

சார் மூன்று வருஷத்தை முடித்து, மாலையோடும் பிரிவு உபசாரத்தோடும் ரிட்டயர் ஆனார். கடைசிவரை யாருக்கும் தெரியாது. அந்த வாரம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அலமாரி முன்னால் நிறுத்தினார்.

“அடித்தட்டைத் தடவிப் பாரு.”

தடவினேன். ஆறு பொட்டு. நான் வைத்ததில்லை. கோணலும் மாணலுமாக, ஒன்றோடு ஒன்று ஒழுகி, கல்லெல்லாம் வழிந்திருந்தது. சாரே வைத்திருக்கிறார். தட்டைக் காலி செய்து வைத்திருந்தார். நடுவில் ஒரே ஒரு புத்தகம்.

“எல்லாரும் ஏதாவது கேட்டாங்க. நீதான் ஒண்ணும் கேக்கல. அதனால இந்தத் தட்டுக்கு ஆள் இல்லாம இருந்துது,” என்றார். “எடுத்துக்க.”

எடுத்தேன். மெல்லியது. எனக்குப் படிக்கத் தெரிந்த ஒரே புத்தகம்.

“இது என்ன புத்தகம், ஏழுமலை?”

“சரித்திரம் சார்,” என்றேன். அதற்கு அவர் என்ன சொன்னார் என்றால்…

இருங்கள், உள்ளேயிருந்து கூப்பிடுகிறாள் என் மனைவி. “யோவ்! அங்க இன்னா கதை அளந்துகினு கீற? பொத்தேரிக்கு எத்தினி மணிக்கு வண்டி, அந்தப் பொஸ்தகத்தைப் பாத்து சொல்லேன்!” போகவேண்டும். வீட்டில் புத்தகம் வைத்திருக்கிற ஆள் நான் ஒருத்தன்தானே.